கோடை ஆய்வகப் பயிற்சியா? கன்ட்ரோல் குழாயிலிருந்து தொடங்குங்கள்

எட்டு வாரம், மிஞ்சிப்போனால் பத்து வாரம். செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் இளங்கலை மாணவர்களுக்குக் கிடைக்கும் கோடைப் பயிற்சி பெரும்பாலும் இவ்வளவுதான். முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சியிலும், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதிலும் போய்விடும். கடைசி வாரத்தை, செய்த வேலையைச் சுருக்கிக் காட்டும் போஸ்டர் எடுத்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சுவது ஆறேழு வாரம். ஒரு ஜீனை பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறிய வட்ட டி.என்.ஏ.) சேர்த்து, அதன் வரிசையைச் சரிபார்த்து, செல்லுக்குள் அனுப்பிப் பார்க்கவே, எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட, மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் ஒரு கண்டுபிடிப்போடு திரும்புவேன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். “இந்த முடிவை ஏன் நம்ப வேண்டும்?” என்று யாராவது கேட்டால், உங்கள் கையால் வந்த முடிவுக்கு நீங்களே பதில் சொல்லத் தெரிந்து திரும்பினால் போதும். அதுவே பெரிய விஷயம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

1. இடம் பிடிப்பது

இரண்டு வழிகள் உண்டு. அறிவிப்பு கொடுத்து விண்ணப்பம் வாங்கும் திட்டங்கள் ஒன்று. இவை நேற்று வந்தவை இல்லை; அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 1959-லிருந்தே இளங்கலை மாணவர்களைக் கோடையில் சேர்த்துவருகிறது. உதவித்தொகை, தங்குமிடம், கூடவே பயிலும் மாணவர் கூட்டம் எல்லாம் இப்படிப்பட்ட திட்டங்களில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் கோடைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் ஆசிரியருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த வேலையையும் இரண்டு வரியில் நினைவுபடுத்துங்கள். நூறு பேருக்குப் பாடம் எடுப்பவருக்கு எல்லாமே நினைவில் இருக்காது.

இன்னொரு வழி, ஆய்வகத் தலைவருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புவது. நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், அது அப்படி அனுப்பியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரையிலும் ஒரு படத்தையாவது முழுதாகப் புரிந்துகொண்டு எழுதுங்கள். “உங்கள் ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது” என்று எழுதுவதால் பயனில்லை. “மூன்றாவது படத்தில், மருந்து கொடுக்காத செல்களிலும் நியூக்ளியஸில் லேசாக ஒளிர்வு தெரிகிறது. அது வெறும் பின்னணியா, புரதம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை” என்று எழுதிப் பாருங்கள். கேள்வி தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. படத்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும். என்ன படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், இதுவரை கையால் செய்த வேலை என்ன என்பதையும் சேர்த்தால் கடிதம் முடிந்தது. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பிறகு அடுத்த ஆய்வகத்துக்குப் போங்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு மேசையைச் சுற்றி இருபது பேரை நிற்கவைத்து, ஒருவர் செய்துகாட்டும் “பயிற்சி”களும் இருக்கின்றன. சான்றிதழ் கிடைக்கும், கைப்பழக்கம் கிடைக்காது. பைப்பெட்டை (மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) யார் பிடிப்பார்கள், எத்தனை நாள் பிடிப்பார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

2. போவதற்கு முன்

இடம் கிடைத்ததும், அன்றாடம் உங்களோடு வேலை செய்யப்போவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட மாணவராகவோ, பட்டம் முடித்து ஆய்வு செய்பவராகவோ இருக்கும். உங்கள் கோடை எப்படிப் போகும் என்பது ஆய்வகத் தலைவரைவிட அவரைப் பொறுத்துத்தான் அமையும். அவருக்கு எழுதி, படிக்கவேண்டிய ஒரு கட்டுரையையும் ஒரு செய்முறையையும் கேளுங்கள். ஒன்று போதும். பத்துக் கட்டுரைகளை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, ஒரே கட்டுரையில் ஒவ்வொரு படத்திலும் எது சோதனை, எது கன்ட்ரோல் (என்ன முடிவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) என்று பென்சிலால் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

நீர்த்தல் கணக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். 100 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) பிரைமரிலிருந்து (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) 10 மைக்ரோமோலாரில் 100 மைக்ரோலிட்டர் வேண்டுமென்றால், பிரைமர் 10, தண்ணீர் 90. அதில் 1 மைக்ரோலிட்டரை மொத்தம் 25 மைக்ரோலிட்டர் வரும் கலவையில் விட்டால் கடைசிச் செறிவு 0.4 மைக்ரோமோலார். இப்படிப்பட்ட கணக்கை ஒரு நாளைக்குப் பத்து வீதம் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் கெட்டுப்போகும் சோதனைகளில் நிறைய உயிரியலால் கெடுவதே இல்லை, இந்தப் பெருக்கல் வகுத்தலால்தான் கெடுகின்றன.

3. முதல் வாரம்: பாதுகாப்பு, அப்புறம் பைப்பெட்

பாதுகாப்பு வகுப்பைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் கழுவும் இடம், அவசரக் குளியல் குழாய், தீயணைப்பான் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே நடந்துபோய்ப் பாருங்கள். கையுறையோடு கதவுப் பிடியையும் கைபேசியையும் தொடாதீர்கள். டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லுக்கு நிறமூட்டும் எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காரும் பொருள். அதைத் தொட்ட கையுறை அந்த மேசையைத் தாண்டி வரக் கூடாது. புற ஊதா விளக்கின் முன்னால் முகம் முழுவதையும் மூடும் கவசத் திரை (ஃபேஸ் ஷீல்டு) இல்லாமல் குனியாதீர்கள். திரவ நைட்ரஜனிலிருந்து எடுக்கும் குழாய்க்குள் நைட்ரஜன் கசிந்து நுழைந்திருந்தால், சூடேறும்போது அது வெடிக்கக்கூடும். அங்கேயும் அந்தக் கவசத் திரையும் தடித்த கையுறையும் கட்டாயம். தனியாக இருக்கும்போது அந்த வேலையே வேண்டாம்.

பைப்பெட்டுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். யாரும் சொல்லாவிட்டாலும் ஒதுக்குங்கள். அழுத்தும் குமிழுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம்வரை அழுத்திக்கொண்டு டிப்பை (பைப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) திரவத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் இறக்கி, மெதுவாக விட்டு உறிஞ்ச வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது நிறுத்தம். இரண்டாவதுவரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிப்போகும். புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. குமிழைச் சட்டென்று விட்டால் காற்றுக்குமிழி ஏறி அளவு குறையும்.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரியும்? தராசு இருக்கிறது. 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம். 100 மைக்ரோலிட்டராகப் பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். பத்து எண்களும் நெருங்கி இருந்தால் கை நிலைத்திருக்கிறது. நெருங்கி இருந்தும் எல்லாமே 94, 95 என்று வந்தால், கோளாறு பைப்பெட்டில் இருக்கலாம், சொல்லுங்கள். ஒருவருக்கு எப்போதும் கூட வருகிறது, இன்னொருவருக்கு எப்போதும் குறைய வருகிறது என்பதெல்லாம் இந்தத் தராசின் முன்தான் தெரியவரும்.

நொதிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் பாதிக்குப் பாதி கிளிசரால் என்ற கெட்டியான திரவத்தில் இருக்கும், அதனால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது. டிப்பை ஆழமாக இறக்கினால் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் வரும். டிப்பின் நுனி மேற்பரப்பைத் தொட்டால் போதும். கலவையில் விட்டதும் அடியில் போய்த் தங்கிவிடும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய் இழை போலத் தெரியும். மெதுவாக உறிஞ்சி உறிஞ்சி விட்டுக் கலக்காவிட்டால், மேலே இருக்கும் டி.என்.ஏ. வெட்டப்படாமல் அப்படியே இருக்கும்.

4. கன்ட்ரோல்

இதில்தான் நான் அதிகம் நிற்கப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கோடையில், இரண்டாவது வாரம், ஒரு பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஜெல் ஓட்டினேன். ஆறு மாதிரிகள், கடைசிக் குழியில் டி.என்.ஏ.வே போடாத கன்ட்ரோல்: பிரைமர், நொதி, பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), டி.என்.ஏ.வுக்குப் பதில் தண்ணீர். அந்தக் குழியில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது. மற்ற ஆறிலும் இருந்த அதே 400 பேஸ் (டி.என்.ஏ.வின் எழுத்து) நீளத்தில், மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் ஒரு பட்டை. பக்கத்துக் குழியிலிருந்து வழிந்திருக்கும் என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே பட்டை. பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதா? அப்படி வந்தால் 100 பேஸுக்கும் கீழே, ஜெல்லின் அடியில் புகைபோலக் கிடக்கும், 400-இல் வராது. என்னோடு வேலைசெய்த அக்கா, முனைவர் பட்ட மாணவி, கோபப்படவில்லை. “ஒவ்வொன்றாக மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்” என்றார். புது பிரைமர்: பட்டை இருந்தது. புது நொதி: இருந்தது. புதுத் தண்ணீர்: போய்விட்டது.

நடந்தது இதுதான். முடிந்த பி.சி.ஆர். குழாய்களைத் திறந்த அதே மேசையில், அதே பைப்பெட்டால், அந்தத் தண்ணீரையும் எடுத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. 30 சுற்றில் ஒரு மூலக்கூறு, கணக்குப்படி, 107 கோடிக்கும் மேல் ஆகலாம். முடிந்த குழாயில் ஒரு மைக்ரோலிட்டருக்குள்ளேயே ஆயிரம் கோடிக்கும் அதிகமான பிரதிகள் இருக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிதறல் போதும். இதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. எந்தத் தண்ணீர்க் குழாயை எந்த நாள் பயன்படுத்தினேன் என்று நான் எழுதிவைக்கவில்லை. அதனால் அதற்கு முந்தைய முடிவுகளில் எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? கலவை தயாரிக்கும் இடமும், முடிந்த குழாயைத் திறக்கும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும். முடிந்தால் பைப்பெட்டும். வடிகட்டி உள்ள டிப் வையுங்கள். தண்ணீர், பஃபர், பிரைமர் எல்லாவற்றையும் சிறு குழாய்களில் பிரித்து, எண் போட்டு வையுங்கள். ஒன்று கெட்டால் அது மட்டும் போகும். எட்டுக் குழாய்க்குக் கலவை வேண்டுமென்றால் ஒன்பதுக்குச் சேருங்கள், சுவரில் ஒட்டி வீணாவதற்கு அந்த ஒன்று. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்ட பிறகு, தண்ணீர் கன்ட்ரோலைக் கடைசியில் மூடுங்கள். வேலை நேரம் முழுவதும் காற்றில் இருந்ததை அது உங்களுக்குச் சொல்லும்.

இப்படி ஒன்றும் வரக் கூடாத எதிர்மறைக் கன்ட்ரோல் மட்டும் போதாது. எந்தக் குழியிலும் ஒன்றுமே வராவிட்டால், மாதிரியில் டி.என்.ஏ. இல்லையா, நொதி செத்துவிட்டதா என்று எப்படிச் சொல்வீர்கள்? கட்டாயம் வந்தே தீரவேண்டிய ஒரு மாதிரியையும் கூட ஓட்டுங்கள். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிடை அனுப்பும் வேலையிலும் இதே கதைதான். ஐஸில் வைத்து, 42 டிகிரியில் அரை நிமிடம் சூடுகாட்டி, மறுபடி ஐஸில் வைத்து, பிளாஸ்மிட் ஏறிய பாக்டீரியா மட்டும் பிழைக்கும்படி ஆம்பிசிலின் மருந்து கலந்த அகார் பிளேட்டில் பரப்புகிறீர்கள். காலையில் வந்தால் காலனியே (புள்ளி போல முளைக்கும் பாக்டீரியாக் கூட்டம்) இல்லை. தெரிந்த பிளாஸ்மிடைக் கொடுத்த பிளேட்டில் காலனிகள் இருந்தால் செல்களில் குறையில்லை, ஜீனை பிளாஸ்மிடோடு இணைத்த உங்கள் வேலையைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் செல்களை மாற்றுங்கள். மாறாக எல்லா பிளேட்டிலும் காடு போல முளைத்திருந்தால், பிளாஸ்மிடே கொடுக்காத பிளேட்டைப் பாருங்கள். அதிலும் முளைத்திருந்தால் ஆம்பிசிலின் வேலை செய்யவில்லை. ஒருவேளை அகார் ஆறுவதற்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். இந்த இரண்டு கூடுதல் பிளேட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவை இல்லாவிட்டால் ஒரு வாரம் ஊகத்தில் போகும்.

5. நோட்டு

அன்றன்றைக்கு எழுதுங்கள், பேனாவால் எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், கீழே இருப்பது படிக்க முடிய வேண்டும். மின்னணு நோட்டு வைத்திருக்கும் ஆய்வகமென்றால் அதன் வழக்கப்படி. இதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். நான் சேர்த்துச் சொல்வது: செய்முறையில் எழுதியிருப்பதை நகலெடுப்பதில் பயனில்லை, அதிலிருந்து நீங்கள் எங்கே விலகினீர்கள் என்று எழுதுங்கள். “10 நிமிடம் என்றிருந்தது, போன் வந்ததால் 14 நிமிடம் ஆகிவிட்டது.” “மூன்றாவது குழாயில் கொஞ்சம் சிந்தியது, 2 மைக்ரோலிட்டர் இருக்கும்.” நொதியின் தொகுப்பு எண், தண்ணீர்க் குழாயின் எண், பைப்பெட்டின் எண். ஜெல் படத்தை ஒட்டினால் ஒவ்வொரு குழிக்கும் மேலே பெயர் எழுதுங்கள். பெயரில்லாத ஜெல் படத்துக்கு இரண்டு வாரம் கழித்து எந்த அர்த்தமும் இருக்காது.

சோதனைக்கு முன்பே ஒரு வரி எழுதும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது: “இது நடந்தால் இப்படித் தெரியும், நடக்காவிட்டால் அப்படித் தெரியும்.” இரண்டாவது பாதியை எழுத முடியவில்லையென்றால் அந்தச் சோதனையில் கன்ட்ரோல் ஒன்று குறைகிறது.

6. செல் வளர்க்கும் வேலை வந்தால்

37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, பத்து சதவீதச் சீரம் கலந்த மீடியா (செல்லுக்கு உணவாகும் திரவம்). பாலூட்டிச் செல்களில் பெரும்பாலானவை இதில் வளரும். பாக்டீரியா விழுந்தால் மறுநாளே தெரிந்துவிடும். மீடியா கலங்கும், அதிலுள்ள ஃபீனால் ரெட் என்ற நிறமி மஞ்சளாகும். பயப்படவேண்டியது மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா வகைக்கு. அதற்குச் செல் சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் அதைத் தொடாது. மீடியா கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஆனால் செல்லின் வளர்ச்சியையும் ஜீன் வெளிப்பாட்டையும் மாற்றிவிடும். உங்கள் செல்லுக்குக் கடைசியாக எப்போது மைக்கோபிளாஸ்மா சோதனை செய்தார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல ஆய்வகத்தில் அந்தக் கேள்வியை மதிப்பார்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இது அந்தச் செல்தானா? 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவருக்குத் தெரியாமலே எடுத்து வளர்க்கப்பட்டவைதான் ஹீலா செல்கள். அவை அவ்வளவு வீரியமாக வளர்பவை. 1966-இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர், வேறு வேறு திசுக்கள் என்று நம்பி வளர்க்கப்பட்ட பல செல் வரிசைகள் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) உண்மையில் ஹீலாவாக இருக்கலாம் என்று காட்டினார். ஈரல் செல் என்று பெயர் எழுதிய குடுவையில் பல ஆண்டுகள் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது, டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும் எஸ்.டி.ஆர். சோதனையால் செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியும். ஆனாலும் கையில் செய்யவேண்டியது எளிமையானது: செல்லைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டிக்குள் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டி) ஒரு நேரத்தில் ஒரு செல் வரிசை மட்டும், அதற்கென்று தனி மீடியா புட்டி, முடிந்ததும் 70 சதவீத எத்தனாலால் துடைத்து, அப்புறம்தான் அடுத்தது.

ஒரே குடுவையிலிருந்து ஒரு பிளேட்டின் மூன்று குழிகளில் செல்லை விட்டு மூன்று அளவு எடுத்தால், அது மூன்று சோதனை ஆகாது. உங்கள் பைப்பெட் எவ்வளவு நிலையானது என்பதைத்தான் அது சொல்கிறது. வேறு வேறு நாளில், வேறு வேறு குடுவையிலிருந்து தொடங்கி மூன்று முறை செய்தால்தான் மூன்று. நாட்காட்டியில் இதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும், ஏனென்றால் ஆறு வாரத்தில் ஒரு சோதனையை மூன்று முறை செய்ய நேரம் இருக்கிறது, மூன்று சோதனைகளை மூன்று முறை செய்ய நேரம் இல்லை.

7. கேட்பதும் காட்டுவதும்

கேள்வி கேட்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் நீங்களே தேடுங்கள், அதற்கு மேல் உட்கார்ந்திருக்காமல் கேளுங்கள். விலைகூடிய பொருளோ மாற்று இல்லாத மாதிரியோ கையில் இருந்தால் பதினைந்து நிமிடம்கூட வேண்டாம், உடனே கேளுங்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியைச் சரியாக மூடவில்லை என்று இரவே சொன்னால் காப்பாற்ற முடியும், காலையில் சொன்னால் முடியாது.

குழுக் கூட்டத்தில் பேசும் முறை வந்தால், அழகான படத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வேலை செய்யாத ஜெல்லை, கன்ட்ரோலோடு சேர்த்துக் காட்டுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாரோ ஒருவருக்கு அதே கோளாறு ஏற்கெனவே வந்திருக்கும். போஸ்டரிலும் அப்படியே: ஒரு கேள்வி, இரண்டு மூன்று படம், ஒவ்வொரு படத்திலும் கன்ட்ரோல் எது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். முடிவு வரவில்லையா? எதையெல்லாம் சோதித்து விலக்கினீர்கள் என்று சொல்லுங்கள். அதுவும் முடிவுதான்.

8. கிளம்பும் வாரம்

கடைசி ஐந்து நாளில் புதுச் சோதனை தொடங்காதீர்கள். பிளாஸ்மிடுகளை மைனஸ் 20 டிகிரியிலும், பாக்டீரியாவைக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியிலும் வைத்து, பெட்டியின் படத்தை நோட்டில் வரைந்து எந்தக் குழியில் எது என்று எழுதுங்கள். குழாயின் மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும், பக்கவாட்டிலும் எழுதுங்கள். எத்தனாலில் அழியாத பேனாவால் எழுதுங்கள். பெயர்ச் சுருக்கம், தேதி, செறிவு மூன்றும் வேண்டும். நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம். உங்களுக்கு நகல் வேண்டுமென்றால் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் பற்றியும் இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். உங்கள் வேலை அவர்கள் மனதில் புதிதாக இருக்கும் நேரம் இதுதான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், இந்த வேலையைத் தொடரப்போகிறவரைக் கூப்பிடுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, நான்காவது வாரத்தில் செய்த ஒரு பிளாஸ்மிடின் பெயரைச் சொல்லி, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் இரண்டு நிமிடத்தில் எடுத்து வந்தால் சரி. தேடிக்கொண்டு நின்றால், எங்கே நின்றாரோ அந்தப் பக்கத்தை உட்கார்ந்து திருத்துங்கள். அதற்காகத்தான் இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது.